ஒரு மணி நேரம், பத்து மீட்டர்

எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில், டீக்கடைக்கும் அரிசி மண்டிக்கும் நடுவில், வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. கால், அரை, முக்கால் என்று உயரவாரியாக வண்டிகள் நிற்கும்; ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, நீளமான கணக்கு நோட்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்ட பிறகே வண்டியைக் கையில் கொடுப்பார். மணிக்கு ஒரு ரூபாய். ஐந்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த அரை மணிக்கான காசை எடுத்து வைக்க வேண்டும். 1980களின் இறுதியில், குரங்குப் பெடலிலிருந்து அப்போதுதான் சீட்டுக்கு ஏறியிருந்த எனக்கு, ஒரு மணி நேரம் என்பது தூரத்தைக் குறிக்கும் சொல்லாகவே இருந்தது. சாதாரணமாக மிதித்தால் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பலாம்; அழுத்தி மிதித்தால் பாலத்தைத் தாண்டி ரயில்வே கேட்டைத் தொட்டுவிட்டு வரலாம்; கேட் மூடியிருந்தால் அன்றைக்கு அரை மணிக் காசு போயிற்று என்று பொருள்.

ஆகவே, பல ஆண்டுகள் கழித்து, சைக்கிள் பந்தய உலகில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் சாதனைகளில் ஒன்று ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் மிதிக்க முடியும் என்பதுதான் என்று படித்தபோது, எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. நான் ஒரு ரூபாய் கொடுத்துச் செய்த வேலையை அவர்கள் வழவழப்பான வட்டத் தளத்தில் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மணிநேரச் சாதனையின் விதி குழந்தைக்கும் புரியும். வெலோட்ரோம் எனப்படும் சாய்வான வட்ட ஓடுதளத்தில் ஒரே ஒருவர், எதிராளி இல்லாமல், முன்னால் காற்றைக் கிழித்துக் கொடுக்கத் துணைவண்டி இல்லாமல், நின்ற நிலையிலிருந்து கிளம்பி அறுபது நிமிடம் மிதிக்க வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் ஓடும் கறுப்புக் கோட்டை ஒட்டித்தான் தூரம் கணக்கிடப்படும் என்பதால், களைப்பில் வண்டி கோட்டை விட்டு மேலே விலகினால் அந்த உபரி மீட்டர்கள் எல்லாம் வீணான உழைப்பு. வண்டிக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரு நொடிகூடக் காலைச் சும்மா வைத்து இளைப்பாற முடியாது. சாலைப் பந்தயத்தில் ஒருவன் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம், இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், எதிராளிக்கு வந்த பஞ்சரால் வெற்றியும் பெறலாம். இங்கே அப்படி எந்தச் சாக்கும் கிடையாது.

முதலில் ஏற்கப்பட்ட சாதனை, 1893ஆம் ஆண்டு மே 11 அன்று பாரிஸில் ஆன்ரி தெக்ரான்ஜ் என்பவர் ஓட்டிய 35.325 கிலோமீட்டர். பத்து ஆண்டுகள் கழித்து, தம் பத்திரிகையின் விற்பனையைக் கூட்டுவதற்காக டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிவைத்தவரும் இவரே. பிறகு சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக், 1914இல் 44.247 கிலோமீட்டரை எட்டினார்; அது பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. இத்தாலியின் ஃபவுஸ்டோ கோப்பி 1942 நவம்பரில், போர்க்கால மிலான் நகரில், 45.798 கிலோமீட்டர் ஓட்டி முந்தைய சாதனையை வெறும் 31 மீட்டரில் தாண்டினார். பிரான்சின் ஜாக் ஆங்க்தில் 1967இல் 47.493 கிலோமீட்டர் ஓட்டியும், ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி கொடுக்க மறுத்ததால், அது சாதனைப் பட்டியலில் ஏறவே இல்லை. இப்படி ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. நான் அவை எல்லாவற்றையும் தாண்டி நேராக 1972க்கு வருகிறேன்.

எட்டி மெர்க்ஸ் அந்த ஆண்டில் இத்தாலியின் ‘ஜீரோ டி இத்தாலியா’ பந்தயத்தையும் டூர் டி பிரான்சையும் வென்றிருந்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த இவரைப் பந்தய உலகம் ‘நரமாமிசம் தின்பவர்’ என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தது. மற்றவர்களுக்குச் சின்ன வெற்றியைக்கூட விட்டுவைக்க மாட்டார் என்பது அதன் பொருள். வழக்கமாக ஒருவர் மணிநேரச் சாதனைக்கென்று பந்தயங்களை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பார். மெர்க்ஸோ, முழுப் பருவமும் ஓட்டிவிட்டு, அக்டோபர் கடைசியில் மெக்சிகோ நகரத்துக்குப் பறந்தார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த நகரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வண்டியைத் தடுக்கும் காற்று அங்கே மெலிந்திருக்கும்; ஆனால் மூச்சுக்கான ஆக்சிஜனும் அதே அளவுக்கு மெலிந்திருக்கும். அதற்குப் பழகுவதற்காகவே அவர் பெல்ஜியத்தில் தம் வீட்டில், ஆக்சிஜன் குறைந்த காற்றை முகமூடி வழியே சுவாசித்தபடி உருளைகளின் மேல் சைக்கிள் மிதித்தார்.

அவருக்கான வண்டியை எர்னஸ்டோ கொல்னாகோ தயாரித்தார். ஆரஞ்சு நிறம், ஆறு கிலோவுக்கும் குறைவான எடை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் துளையிட்டு எடையைக் குறைத்தார்கள், ஹேண்டில்பாரிலும் துளைகள். சங்கிலிக் கண்ணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் துளையிட்டு மிச்சப்படுத்தக்கூடிய எடை என்ன இருக்கிறது என்று. ஆனால் அன்றைய நம்பிக்கை அது: வண்டி இலேசானால் வேகம் கூடும். முன்னால் 52 பல், பின்னால் 14 பல். அக்டோபர் 25 அன்று காலை மெர்க்ஸ் கிளம்பியதும், ஒரு மணி நேரம் ஓட்ட வந்தவரைப் போல ஓட்டவில்லை. முதல் 10 கிலோமீட்டரிலும் 20 கிலோமீட்டரிலும் தனித்தனியாக உலகச் சாதனைகளை வழியில் உடைத்துப் போட்டுக்கொண்டே போனார். அதற்கான விலையை அடுத்த அரை மணி நேரத்தில் கொடுத்தார். மணி அடித்தபோது தூரம் 49.431 கிலோமீட்டர், பழைய சாதனையை விட 778 மீட்டர் அதிகம். வண்டியிலிருந்து அவரைத் தாங்கி இறக்க வேண்டியிருந்தது. ஐந்து முறை டூர் வென்றவர், தம் வாழ்க்கையில் மிதித்தவற்றிலேயே கடினமானது அந்த ஒரு மணி நேரந்தான் என்று பிற்காலத்தில் பல முறை சொன்னார். மறுபடி அதை முயலவும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஒருவருடைய உழைப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தத் தடைக்கு வண்டி காரணமாவது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு மேலே உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு. அது மட்டுமல்லாமல், காற்றை எதிர்க்கத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 55க்குப் போக வேண்டுமானால், வேகம் பத்து சதவீதம் கூடினால் போதும் என்று தோன்றும். ஆனால் கால்கள் கொடுக்க வேண்டிய திறனோ 33 சதவீதம் கூடியாக வேண்டும். உச்சநிலையில் இருக்கும் ஒரு வீரரால் எத்தனை ஆண்டு பயிற்சி செய்தாலும் தம் திறனை அந்த அளவுக்குக் கூட்ட முடியாது. ஆகவே வேகம் வர வேண்டிய வழி ஒன்றே ஒன்றுதான்: உடம்பு காற்றுக்குக் காட்டும் பரப்பைச் சுருக்குவது. ஒரு முறை வேகம் எடுத்துவிட்டால், வண்டியின் எடை அரை கிலோ கூடக்குறைய இருப்பதில் சமதளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. துளையிட்ட சங்கிலியோடு மெர்க்ஸின் ஆட்கள் போரிட்டுக்கொண்டிருந்தது தவறான எதிரியோடு. நிமிர்ந்த தோள்களோடு வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்து அந்தத் தூரத்தை அவர் ஓட்டினார் என்பதே எனக்கு இன்றும் வியப்பு.

காற்றுதான் எதிரி என்பதை முதலில் பெரிய அளவில் செயலில் காட்டியவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர். 1984 ஜனவரியில் அதே மெக்சிகோ நகரில், ஆரக்கம்பிகளே இல்லாமல் தட்டு போல மூடிய சக்கரங்களோடு, நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை சாதனையை உடைத்து 51.151 கிலோமீட்டரை எட்டினார். அந்தச் சக்கரங்கள் சாதாரணச் சக்கரங்களைவிடக் கனமானவை, ஆனாலும் வென்றன. இரத்தம் ஏற்றிக்கொள்ளும் முறையையும் அவர் பயன்படுத்தினார், அப்போது அது விதிப்படி தடைசெய்யப்பட்டிருக்கவில்லை, பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் பணமும் கூடி உருவாக்கிய சாதனை அது. அதை உடைக்க அதைவிடப் பெரிய பட்டாளம் வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உடைத்தவர் பட்டாளம் எதுவும் இல்லாத ஒருவர். கிரேம் ஓப்ரீ, ஸ்காட்லாந்துக்காரர், சொந்தமாக வைத்திருந்த சைக்கிள் கடை நொடித்துப்போய்க் கடனில் இருந்தவர். சைக்கிள் ஓட்டுவதை அடியிலிருந்து யோசித்துப் பார்த்து, இரண்டு முடிவுகளுக்கு வந்தார். கைகள் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதால்தான் தடை கூடுகிறது. ஆகவே அவற்றை மடக்கி, பனிச்சறுக்குக்காரன் குனிவதைப் போல, மார்புக்கு அடியில் ஒளித்துவிட வேண்டும். அடுத்து, இரண்டு பெடல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிக அதிகம். கால்கள் இயல்பாக நடக்கும்போது இருப்பதைப் போல நெருங்கியிருக்க வேண்டும். பெடல்களை நெருக்குவதற்கு நடு அச்சைக் குறுக்க வேண்டும். அச்சைக் குறுக்கினால் முழங்கால்கள் மேல்பாரில் இடிக்கும். ஆகவே மேல்பாரையே எடுத்துவிட்டார். குறுகிய அச்சுக்குப் பொருந்தும் பேரிங் கடையில் கிடைக்காததால், பழைய வாஷிங்மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டார். துணி பிழியும்போது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று சுற்றுகிற பேரிங் நல்ல சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய தர்க்கம். பால்ரஸ் மாற்றுவதற்காக சைக்கிள் கடை வாசலில் குந்தியிருந்து பழகிய யாருக்கும் இதில் குறை காணத் தோன்றாது. அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’. பழைய விசுவாசி என்று சொல்லலாம்.

1993ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமர் நகர ஓடுதளத்தில் அவர் முயன்றார். அன்று அவர் ஓட்டியது தம் பழைய வண்டியை அல்ல. அதே மாதிரியில் வேறொருவர் நேர்த்தியாகச் செய்து கொடுத்த புது வண்டியை. தோற்றுப்போனார். ஒரு மணி நேரம் முழு வலிமையோடு மிதித்த உடம்பு தேற நாட்கள் ஆகும். ஓப்ரீ மறுநாள் காலையே மறுபடி ஓட்டுகிறேன் என்று அறிவித்தார். அன்றிரவு அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தூங்கிவிட்டால் கால் தசைகள் விறைத்துவிடும். அலாரம் வைத்து எழுவதற்கு உடம்பு ஒத்துழைக்காது. ஆகவே குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். சிறுநீர் முட்டும்போதெல்லாம் எழ வேண்டியிருக்கும். எழும்போதெல்லாம் தசைகளை நீட்டி நீவிக்கொண்டு, மறுபடி தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார். காலையில் ‘பழைய விசுவாசி’யை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனார். 51.596 கிலோமீட்டர். மோசரின் ஒன்பதாண்டுச் சாதனை 445 மீட்டரில் வீழ்ந்தது.

அந்த மகிழ்ச்சி நிலைத்தது ஆறே நாட்கள். ஜூலை 23 அன்று பிரான்சின் போர்தோ நகரில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 52.270 கிலோமீட்டர் ஓட்டினார். போர்ட்மன் எல்லா வகையிலும் ஓப்ரீக்கு நேர்மாறானவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், லோட்டஸ் கார் நிறுவனம் செய்து கொடுத்த கார்பன் ஃபைபர் வண்டியில் 4,000 மீட்டர் விரட்டுப் போட்டியின் தங்கத்தை வென்றவர். அந்தப் போட்டியில் இருவரும் ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்புவார்கள். இறுதிப் போட்டியிலேயே போர்ட்மன் எதிராளியை எட்டிப் பிடித்துவிட்டார், தூரம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய ஒவ்வொரு சுற்றும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டது. ஓப்ரீ மார்மலேட் தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து மிதிப்பவர். இருவரும் மாறி மாறி முந்தினார்கள்: அடுத்த மாதமே அதே ஹாமரில் நடந்த உலக வாகையர் போட்டியில் ஓப்ரீ போர்ட்மனைத் தோற்கடித்து விரட்டுப் போட்டியின் உலகப் பட்டத்தை வென்றார், 1994 ஏப்ரலில் 52.713 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையையும் மீட்டார்.

யு.சி.ஐ. எனப்படும் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்புக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1994இல் இத்தாலியின் பலேர்மோவில் நடந்த உலகப் போட்டிக்கு வந்த ஓப்ரீயின் குனிந்த நிலையை அங்கேயே தடைசெய்து, அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அவர் சோர்ந்துவிடாமல் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்: கைகளை முன்னால் முழு நீளத்துக்கு நீட்டி, பறக்கும் சூப்பர்மேனைப் போல. அதைக்கொண்டு 1995இல் கொலம்பியாவில் மறுபடியும் உலகப் பட்டம் வென்றார். அதே நிலையை எடுத்துக்கொண்ட போர்ட்மன் 1996 செப்டம்பரில் மான்செஸ்டரில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். கூட்டமைப்பு அந்த நிலையையும் தடைசெய்தது. இந்த நிறுவனத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாம் தரப் பந்தயக்காரர், சாய்ந்து படுத்துக்கொண்டு மிதிக்கும் சைக்கிளில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, ஆஸ்கர் எக்கின் பத்தொன்பதாண்டுச் சாதனையை உடைத்தபோது, அடுத்த ஆண்டே அந்தக் கூட்டமைப்பு கூடிப் பேசி, அது சைக்கிளே அல்ல என்று தீர்ப்பெழுதியது.

2000ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்த முடிவு இன்னும் விசித்திரமானது. மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற வண்டியில்தான் இனி சாதனையை முயல வேண்டும்: வட்டக் குழாய்ச் சட்டகம், வளைந்த ஹேண்டில்பார், கம்பிச் சக்கரம். 1972க்குப் பின் வந்தவை எல்லாம் வேறொரு பட்டியலுக்குத் தள்ளப்பட்டன; மெர்க்ஸின் 49.431 மறுபடியும் உலகச் சாதனை ஆயிற்று. எலும்புத் தேய்வு நோயால் ஓய்வுபெறவிருந்த போர்ட்மன், தம் கடைசிப் பந்தயமாக இதைத் தேர்ந்தெடுத்தார். அக்டோபர் 27, மான்செஸ்டர். நான்காண்டுகளுக்கு முன் அதே தளத்தில் 56 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர், இப்போது பழைய வண்டியில் 49க்குப் போராடிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் மெர்க்ஸின் கணக்குக்குப் பின்தங்கியிருந்தவர், எப்படியோ மிச்சமிருந்த சக்தியைத் திரட்டி மிதித்து, மணி அடித்தபோது 49.441 கிலோமீட்டரில் இருந்தார்.

பத்து மீட்டர். அந்த வேகத்தில் பத்து மீட்டரைக் கடக்க முக்கால் நொடிகூட ஆகாது. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில், ஒருவர் மெக்சிகோவின் மெல்லிய காற்றிலும் மற்றவர் மான்செஸ்டரின் கனத்த காற்றிலும், அறுபது அறுபது நிமிடம் மிதித்த பின், இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி எங்கள் வீட்டுக் கூடத்தையும் திண்ணையையும் சேர்த்த நீளந்தான்.

இந்த விஷயத்தில் என் மனம் இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. மனிதனின் வலிமையை மட்டும் அளக்க வேண்டும், இயந்திரத்தை அல்ல என்ற கூட்டமைப்பின் வாதம் முதல் கேள்விக்கே தாங்காது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். மெர்க்ஸின் வண்டி அவர் காலத்தில் பணத்தாலும் தொழில்நுட்பத்தாலும் செய்ய முடிந்த உச்சம். அவர் போன ஊரும் காற்றின் மெலிவுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை ‘சாதாரண சைக்கிள்’ என்று உறையவைத்துவிட்டு, கடன்பட்ட ஒருவர் பழைய பேரிங்கையும் சொந்த மூளையையும் கொண்டு செய்த வண்டியைச் செயற்கை என்று ஒதுக்குவதில் என்ன நியாயம்? வேடிக்கை இன்னொன்றும் உண்டு. அதே கூட்டமைப்பு பந்தய வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. மெர்க்ஸின் ஆரஞ்சு வண்டியை அப்படியே இன்று தூக்கிக்கொண்டு போனால் தராசிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு சொன்ன பிறகும், அந்த முட்டாள்தனமான விதி இல்லாவிட்டால் போர்ட்மனின் பத்து மீட்டர் நமக்குக் கிடைத்திருக்காது என்பதை நினைத்தால், அந்த விதியைத் திட்டவும் எனக்கு முழு மனம் வருவதில்லை.

விதி இருந்தது, ஆள் வரவில்லை. 2005இல் செக் நாட்டு வீரர் ஒருவர் 49.700 ஓட்டியதோடு சாதனை தூங்கிப்போயிற்று. 2014இல் கூட்டமைப்பு மனம் மாறி, அந்தந்தக் காலத்து ஓடுதள வண்டியையே பயன்படுத்தலாம் என்றதும், வரிசையில் நின்று உடைத்தார்கள்: யென்ஸ் ஃபோக்ட், பிராண்ட்லே, ரோகன் டென்னிஸ், டௌசெட், 2015 ஜூனில் லண்டனில் 54.526 ஓட்டிய பிராட்லி விக்கின்ஸ், 2019இல் மெக்சிகோவின் அகுவாஸ்காலியெந்தஸில் 55 கிலோமீட்டரைத் தாண்டிய விக்டர் கம்பனார்ட்ஸ். பெண்களில் இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி 2023 அக்டோபரில், அதே அகுவாஸ்காலியெந்தஸில், 50 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார், 50.267. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பெரிய அணி எதுவும் பின்னால் இல்லாமல், ஆர்வலர்களிடம் பணம் திரட்டித்தான் அந்த முயற்சிக்குப் போனார். ஓப்ரீயின் வாரிசு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் நான் இவரைத்தான் சொல்வேன்.

ஆண்களில் இன்றைய சாதனைக்குப் பின்னாலும் ஒரு நல்ல கதை இருக்கிறது. டான் பிகம் என்ற இங்கிலாந்துக்காரர் அப்போது இனியாஸ் என்ற சைக்கிள் பந்தய அணியில் பொறியாளராக இருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களை வேகமாக ஓடவைப்பது அவர் வேலையாக இருந்தது. 2022 ஆகஸ்ட் 19 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்சென் தளத்தில் அவரே ஏறி 55.548 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்துவிட்டார். அந்த ஓட்டத்தில் கிடைத்த பாடங்களை எல்லாம் அதே அணியின் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னாவுக்குக் கொடுத்தார். ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 8 அன்று, அதே தளத்தில் கன்னா 56.792 ஓட்டினார், போர்ட்மனின் சூப்பர்மேன் தூரத்தையும் அது தாண்டியது. தம் சாதனையை உடைக்கத் தாமே ஆளைத் தயார்செய்து அனுப்பிய மனிதரை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

கன்னாவின் வண்டி பினரெல்லோ நிறுவனம் முப்பரிமாண அச்சில் வார்த்த உலோகக் கலவை. அலுமினியத்தோடு ஸ்கேண்டியமும் மெக்னீசியமும் சேர்ந்தது. இருக்கையைத் தாங்கும் குழாயில் வரிசையாகப் புடைப்புகள் இருக்கும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் துடுப்பில் இருக்கும் முண்டுகளைப் பார்த்துச் செய்தவை, காற்று வழுகிப் போவதற்காக. முன்பற்சக்கரத்தில் 65 பற்கள். மெர்க்ஸின் 52ஐப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் மாவு மில்லின் சக்கரம் போல இருக்கிறது. அரங்கையும் சூடாக்கிவைக்கிறார்கள், வெப்பக் காற்று இலேசானது என்பதால். மெக்சிகோ போகாமலே மெக்சிகோவில் கொஞ்சத்தை உள்ளே கொண்டுவருகிற வித்தை அது.

இவ்வளவையும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, நான் படித்த பள்ளியின் மைதானத்தில், சுண்ணாம்புக் கோடு போட்ட 400 மீட்டர் மண் தடத்தில், நானும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவுசெய்தேன். இலக்கு, மெர்க்ஸில் பாதி. அதாவது 24.7155 கிலோமீட்டர், 62 சுற்று ஓட்டினால் தாண்டிவிடலாம், 61இல் நின்றால் தவறவிடுவேன். வண்டி, அப்பா வைத்துவிட்டுப் போன கறுப்பு சைக்கிள். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், டைனமோ எல்லாம் அப்படியே இருந்தன. டைனமோவை மட்டும் கழற்றினேன். சுற்றுகளை எண்ணும் பொறுப்பு பதினோரு வயது மருமகனுடையது. இரண்டு எவர்சில்வர் கிண்ணம், ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை. நான் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும்.

முதல் பத்துச் சுற்று இன்பமாகத்தான் இருந்தது. மெர்க்ஸ் செய்த தவறையே நானும் செய்தேன் என்பது இருபதாவது சுற்றில் தெரிந்தது. காலை ஆறரை மணிக்கே மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் வெயில் ஏறிவிட்டது; மேற்கே திரும்பும்போதெல்லாம் காற்று மார்பில் கை வைத்துத் தள்ளியது. குனிந்து முழங்கைகளை ஹேண்டில்பாரில் ஊன்றிப் பார்த்தேன். மண் தடத்தின் குலுக்கலில் பல் நாக்கைக் கடித்தது. நாற்பதுக்குப் பிறகு எண்ணிக்கையே நினைவில் இல்லை. சீட்டின் ஸ்பிரிங் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கிறீச்சிட்டதும், ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் ‘டிங்’ என்று விழுந்த ஒலியும் மட்டுந்தான் நினைவிருக்கின்றன. கைபேசியில் மணி அடித்தபோது நான் கோட்டைத் தாண்டி ஓர் இருபது முப்பது அடி போயிருந்தேன்.

“அறுபத்தொண்ணு மாமா” என்றான். மறுபடி எண்ணச் சொன்னேன். அறுபத்தொன்றுதான். என் கணக்குக்கு ஒன்று குறைவதாகத் தோன்றியது. ஆனால் என் கணக்கு என்று எதுவும் உண்மையில் இருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒற்றைப் புளியங்கொட்டை ஒன்று தரையில் விழுந்தது. “இது சும்மா வெச்சிருந்தது மாமா, இது எண்ணினது இல்ல” என்றான், நான் கேட்பதற்கு முன்பே. நான் நோட்டில் 61 என்றே எழுதினேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தான் ஓட்டப்போவதாகவும், கொட்டைகளை நான் எண்ண வேண்டும் என்றும், ஆனால் சீட்டு உயரமாக இருப்பதால் முன்கூட்டியே கடையில் கொடுத்துத் தணித்துவைக்க வேண்டும் என்றும் சொன்னான்.